இரண்டாம் டேங்க்

எல்லையில் கேரளத்துப் பக்கம் இருக்கும் வேலந்தாவளத்திலிருந்து வண்டிப்பெரியாருக்குப் போக நல்ல வழி, பொள்ளாச்சி, உடுமலை, தேனி, கம்பம் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே போய்க் குமுளியில் மலை ஏறுவதுதான். விடியற்காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். ஆனால் வண்டியில் இருந்தது ஒயின். கேரள எக்சைஸ் கொடுத்த பெர்மிட்டில் கேரளத்துச் சாலைகள் மட்டும்தான் எழுதியிருந்தன. மாட்டுச் சந்தைத் திடலைத் தாண்டினால் வரும் செக்போஸ்ட்டைக்கூட அந்தப் பாட்டில்கள் தாண்டக் கூடாது. ஆகவே மோகனசுந்தரம் பிக்கப் வண்டியை மேற்கே திருப்பி, பாலக்காடு, திருச்சூர், மூவாற்றுப்புழை, தொடுபுழை என்று சுற்றி ஓட்டினான். ஏலப்பாறைக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

மழை தூறிக்கொண்டிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் தேயிலை. ஒரு வளைவில் தகரக் கூரை போட்ட பேக்டரி தெரிந்தது. உள்ளே விளக்குகள் எரிந்தன. மெஷின் ஓடும் சத்தம் வண்டிக்குள் கேட்டது.

"ஏம்புள்ள, என்ன வாசம் பாரு. எலை அரைக்கறாங்களாட்டம் இருக்குது," என்றான் மோகனசுந்தரம்.

செல்வப்பிரியா கண்ணாடியை இறக்கி மூச்சை இழுத்தாள். காற்று மூக்குக்குள் போனது. குளிர்ந்தது. அதைத் தவிர ஒன்றுமில்லை.

"ஆமாங்க. நல்லா இருக்குது."

அவன் திரும்பி ஒருமுறை அவளைப் பார்த்தான். பிறகு கியரை மாற்றினான்.

கார்த்திகையில் வந்த காய்ச்சல் அது. ஊரில் பாதிப் பேருக்கு வந்து போனது. நாலு நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஐந்தாம் நாள் காலையில் காபி போட்டுக் குடித்தபோது சுடுதண்ணீரில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் போய் நின்று பார்த்தாள். வேப்பிலையைக் கசக்கினாள். எதுவும் வரவில்லை. பத்து நாளில் திரும்பிவிடும் என்று யாரோ எழுதியிருந்ததைப் போனில் படித்து, பத்து நாள் பொறுத்தாள். ஒரு மாதம் பொறுத்தாள். புருஷனிடம் சொல்லவில்லை. அதற்குள் சொல்வதற்கான நாள் கடந்துபோய்விட்ட மாதிரி அவளுக்குத் தோன்றிவிட்டது. இனிமேல் சொன்னால், "இத்தன நாளா ஏஞ் சொல்லல?" என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

வேறு யாருக்காவது மூக்கு போயிருந்தால் சாப்பாட்டு ருசியோடு போயிற்று என்று விட்டுவிடலாம். இவளுடைய மூக்கை நம்பித்தான் ஒரு லைசன்ஸே இருந்தது.

அவர்களுடைய ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் மோகனசுந்தரத்தின் அப்பா காலத்தது. எர்ணாகுளத்து வியாபாரிகள் வந்து எடுத்துக்கொண்டிருந்தவரை சரி. பிறகு விதையில்லாத திராட்சை எங்கிருந்தெல்லாமோ வந்து குவிந்தது. விதையைத் துப்பித் தின்கிற பொறுமை யாருக்கும் இல்லாமல் போயிற்று. ஒரு வருஷம் பழுத்த குலைகளைப் பறிக்க ஆள் விடாமல் குருவிக்கே விட்டார்கள். அப்போதுதான் சின்ன அளவில் பழ ஒயின் போட அரசாங்கம் லைசன்ஸ் தருகிறது என்ற செய்தி வந்தது. செல்வப்பிரியா பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. வேளாண் பல்கலைக்கழகத்தில் பத்து நாள் பயிற்சிக்குப் போனாள். பத்தாம் நாள் பயிற்சி கொடுத்தவர் ஏழு கிளாஸ்களை வரிசையாக வைத்து, எதில் என்ன கெட்டிருக்கிறது என்று கேட்டார். வந்திருந்த முப்பது பேரில் ஏழையும் சரியாகச் சொன்னது அவள் ஒருத்திதான்.

மோகனசுந்தரம் நாக்கில் ஒரு சொட்டு வைத்தவன் இல்லை. வருஷா வருஷம் பழனிக்குக் காவடி எடுக்கிறவன். "நீ காச்சு, நான் தூக்கறேன்," என்று சொல்லிவிட்டு, கூடை சுமப்பது, பழம் மிதிக்கிற மெஷினைக் கழுவுவது, அடைத்த பாட்டில்களை அடுக்குவது என்று எல்லா வேலையும் செய்தான். மாமியார் கருப்பாத்தாள் முதலில் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு உறம்பரையாக வருகிற சொந்தக்காரர்களிடம் அவளே, "என்ற மருமவ பழச்சாறு கம்பெனி வெச்சிருக்கறா," என்று சொல்ல ஆரம்பித்தாள்.

மூன்று வருஷமாயிற்று. இந்த வருஷம் ஆவணிப் பழத்தில் இரண்டு டேங்க் நிறைந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எல்லோரும் பந்தலைப் பிடுங்கித் தென்னை வைத்துவிட்டார்கள். இவர்களும் இந்த வருஷம் நிலையாக வாங்க ஒரு ஆள் கிடைக்காவிட்டால் பந்தலைப் பிடுங்கிவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். தென்னங்கன்றுக்குக்கூடச் சொல்லிவைத்தாயிற்று.

அதனால்தான் வண்டிப்பெரியாரில் ஒரு ரிசார்ட்டில் நடக்கும் இந்த ஒயின் சந்தைக்குக் கிளம்பி வந்தார்கள். பொதுஜனங்களுக்கான திருவிழா இல்லை இது. ஓட்டல்காரர்கள், ரிசார்ட்டுகளின் பர்ச்சேஸ் மேனேஜர்கள், பார் நடத்துகிறவர்கள், கேட்டரிங் கல்லூரி வாத்தியார்கள் மட்டும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருகிற இடம். சரக்கு எடுப்பதெல்லாம் அரசாங்க வழியாகத்தான் நடக்கும். ஆனால் இன்னாருடைய ஒயின் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இங்கேதான் கிடைப்பார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே ரிசார்ட்டின் பெரிய ஹாலில் மேசைகள் போட்டாயிற்று. மொத்தம் பதினெட்டுக் கடை. இவர்களுக்கு இடது பக்கம் ஜாதிக்காய்த் தொலியில் ஒயின் போடும் கட்டப்பனைத் தம்பதி. வலது பக்கம் அன்னாசி. எல்லா மேசைக்கும் வெள்ளைத் துணி, முப்பது கண்ணாடிக் கிளாஸ், ஒரு எவர்சில்வர் வாளி. வாளி எதற்கு என்று மோகனசுந்தரம் கேட்டான்.

"துப்பறதுக்குங்க. நூறு ஒயினை ருசி பாக்கோணும்னா குடிக்க முடியுங்களா? வாயில வெச்சுட்டுத் துப்பீருவாங்க."

"நாம வருசம் பூரா பாடுபட்டதைத் துப்பறதுக்கு வாளியா?" என்றவன், அதை மேசைக்கு அடியில் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

போன வாரம்தான் இரண்டு டேங்கையும் பாட்டிலில் அடைத்திருந்தார்கள்; செல்வப்பிரியா ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பெட்டி எடுத்து வந்திருந்தாள். லேபிளின் ஓரத்தில் சின்னதாக ஒன்று, இரண்டு என்று நம்பர் இருக்கும். இரண்டும் ஒரே பந்தலின் பழம், ஒரே ஈஸ்ட். லேப் ரிப்போர்ட் ஐப்பசியிலேயே வந்துவிட்டது. அதற்கப்புறம் ஆல்கஹால், புளிப்பு எல்லாம் அவளே அளந்து எழுதி வைத்திருந்தாள். கருவியில் அகப்படுகிற எதிலும் குறையில்லை. கருவியில் அகப்படாததை மூக்கால்தான் பார்க்க வேண்டும். அதைப் பார்த்ததாகவும் எழுதி வைத்திருந்தாள்.

பத்து மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இந்தத் தொழில்காரர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. கிளாஸைச் சுழற்றுவார்கள், மூக்கை உள்ளே விடுவார்கள், வாயில் வைத்து உருட்டுவார்கள், துப்புவார்கள். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார்கள். "குட், குட்" என்பார்கள். கார்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். முதல் ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகப் போவதாகத்தான் அவளுக்குப் பட்டது. ஒரு மூணாறு ஓட்டல்காரர் இரண்டாம் முறை ஊற்றச் சொன்னார். என்ன பழம், எத்தனை நாள் தொலியோடு ஊறியது என்றெல்லாம் கேட்டார். கேட்டரிங் கல்லூரி வாத்தியார் ஒருவர் மாணவர்களைக் கூட்டி வந்தார்.

அந்தப் பாட்டில் தீர்ந்து அடுத்ததைத் திறந்தாள். அடுத்து வந்தவர் கிளாஸுக்குள் மூக்கை விட்டார், வாயில் வைக்கவேயில்லை. "வெரி குட்" என்று சொல்லி வாளியில் கவிழ்த்தார். அவருக்கு அடுத்தவர் வாயில் வைத்த வேகத்தில் துப்பிவிட்டு அன்னாசிக்காரரிடம் போய்விட்டார். மூன்றாமவர் முகர்ந்துவிட்டு, அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். லேபிள் ஓரத்தில் இரண்டு என்று இருந்தது.

அழுக்குக் கிளாஸ்களை எடுத்துப்போகத் தட்டோடு வந்த பெண் அந்த ரிசார்ட்டில் வேலை பார்ப்பவள். சட்டையில் கற்பகம் என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். காலையிலிருந்து நாலைந்து தடவை வந்து போயிருந்தாள். இந்தத் தடவை தட்டை எடுத்துக்கொண்டு உடனே போகாமல் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

"சொல்லுங்க."

"இல்ல, பின்னால நாந்தான் கிளாஸ் கழுவுதேன். காலையில ஒங்க கடையில இருந்து வந்த கிளாஸ்ல எல்லாம் நல்ல பழவாசம். இப்ப வருததுல நகப் பாலிசு அழிப்பாங்கள்லா, அந்த மருந்து வாசம் அடிக்கி. வேற யாரும் கிளாஸ்ல எதுவும் ஊத்திட்டாங்களோன்னு பாத்தேன். இந்த ஒரு கடையிலதான் அப்படி வருது."

அது என்ன வாசம் என்று செல்வப்பிரியாவுக்குத் தெரியும். பயிற்சியில் ஏழு கிளாஸ் வைத்தார்களே, அதில் நான்காவது கிளாஸ். அவளே முதலில் கண்டுபிடித்துச் சொன்ன வாசம். காற்றுப் பட்டு ஒயின் காடியாக மாறத் தொடங்கும்போது வருவது அது.

"கொஞ்சம் இங்க வாங்க," என்று கற்பகத்தை மேசைக்குப் பின்னால் கூப்பிட்டு, இரண்டு கிளாஸில் இரண்டு டேங்கின் ஒயினையும் ஊற்றினாள். "எதுல அந்த வாசம்னு சொல்லுங்க."

கற்பகம் இரண்டையும் முகர்ந்தாள். தயக்கமே இல்லாமல் இரண்டாவதைத் தொட்டாள்.

"இதுலதான். ஒங்களுக்கு வரலையா?"

நான்கு மாதமாக யாரிடமும் சொல்லாததை, பெயர்ப்பட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரு பெண்ணிடம் சொன்னாள் செல்வப்பிரியா. "எனக்கு எந்த வாசமும் வரதில்லீங்க. காய்ச்சல்ல போயிருச்சு."

கற்பகம் அதைப் பெரிய சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க எஸ்டேட் லயத்துலயும் ஒரு ஆளுக்குப் போச்சு. ஒரு வருசங்கழிச்சு வந்துச்சு," என்றாள். "நான் முன்ன டீ பேக்டரியில இருந்தேன்க்கா. எலைய அரைச்சு ஆறப் போடுவோம். ஆப்பிள் வாசம் வந்த ஒடனே அள்ளி அடுப்புல ஏத்தணும். ஒரு பத்து நிமிசம் விட்டாப் போச்சு, அம்புட்டும் பாழு. பேக்டரி ஆபீசருக்குச் சளி புடிச்சா எங்களத்தான் மோந்து பாக்கச் சொல்லுவாரு. அதுல ஒரு வெக்கமும் கெடையாது."

"மிச்சம் இருக்கறதையும் பாத்துச் சொல்லறீங்களா?"

இரண்டாம் பெட்டியில் இருந்த மற்ற பாட்டில்களையும் திறந்தார்கள். கற்பகம் ஒவ்வொன்றின் வாயிலும் மூக்கை வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதே வாசம்தான் என்று தலையாட்டினாள். ஏழாவது பாட்டிலோடு செல்வப்பிரியா நிறுத்திவிட்டாள். பாட்டிலில் வந்த கோளாறு இல்லை. டேங்க்கே போய்விட்டிருந்தது. ஐந்நூறு லிட்டர்.

மோகனசுந்தரம் வண்டி நிற்கிற இடத்தில் கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்துக் காத்திருந்தான். ரிசார்ட்டில் மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் போட்டார்கள். கிருத்திகை என்பதால் அவன் அதைத் தொடமாட்டான். கருப்பாத்தாள் கட்டிக் கொடுத்த புளிச்சோறும் வறுத்த மோர் மிளகாயும் இருந்தன. மேட்டில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

"உக்காரு. ஏன் ஒரு மாதிரி இருக்கற?"

அவள் நின்றபடியே சொன்னாள். முதலில் டேங்கைப் பற்றிச் சொன்னாள். பிறகு மூக்கைப் பற்றிச் சொன்னாள். தலைகீழாகச் சொல்கிறோமே என்று நடுவில் தோன்றியது. அவன் கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டான்.

"மூக்கு போனது எனக்குத் தெரியும்," என்றான்.

"என்னது?"

"மார்கழியில ஒரு நா பால் தீஞ்சுது. அடுப்புக்கு மின்னால நீதான் நின்னுட்டு இருந்த. நான் வெளிய இருந்து ஓடியாறேன், நீ பாட்டுக்கு நிக்கற. அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. அதுக்கப்பறம் தெனம் படுக்கறப்ப கேஸை நாந்தான் பாத்து மூடறேன்."

"அப்பறம் ஏனுங்க கேக்கலை?"

"நீயாச் சொல்லுவீன்னு பாத்தேன். நேத்துக்கூட ஏலப்பாறையில எதுக்குக் கேட்டேன்? நீ நல்லா இருக்குதுங்கற. நான் என்ன பண்ணறது?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அடங்குவதற்குள் இன்னொன்று தோன்றியது.

"அப்ப டேங்க் வாசம்? நீங்க தெனம் அந்த ரூமுக்குப் போறீங்களே. நகப் பாலிசாட்டம் வாசம் வந்திருக்குமே?"

மோகனசுந்தரம் மோர் மிளகாயை நகர்த்தி வைத்தான்.

"ஏனுங்க, உங்களைத்தான் கேக்கறேன்."

"தையில இருந்தே வந்துச்சு," என்றான். "பொங்கல் கழிஞ்சு ரெண்டு நா. டேங்க் மூடி கிட்டத்துல போனா குப்புனு அடிக்கும். எனக்கு இந்தக் கருமாந்தரத்தைப் பத்தி என்ன தெரியும்? இப்படித்தான் இருக்குமாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். அப்பறம் ஒண்ணுல வல்லையே, ரெண்டுல மட்டும் வருதேன்னும் நெனச்சேன். உங்கிட்டச் சொல்லலாம்னு ரெண்டு மூணு தடவ வந்தேன். வாசம் வருதான்னு கேட்டா, உனக்கு வரலைன்னு எனக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரிஞ்சு போயிருமில்ல. உன்ற மொகம் எப்படிப் போகும்னு நெனச்சு, விட்டுட்டேன்."

"தையிலயே சொல்லியிருந்தீங்கன்னா காப்பாத்தியிருப்பேன்." அவள் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வண்டி டிரைவர் திரும்பிப் பார்த்தான். "மூடி வாஷர்ல காத்துப் போயிருக்குது. வாஷரை மாத்தி, மருந்து போட்டு, வழிய வழிய நெரப்பி வெச்சிருந்தா அன்னிக்கோட நின்னிருக்கும். ரெண்டு மாசம்! மோந்துட்டு மோந்துட்டு வந்து எங்கூட உக்காந்து சோறு தின்னிருக்கறீங்க."

"நீ காத்திகையிலயே வாயத் தொறந்து சொல்லியிருந்தீன்னா, நான் மோந்ததைச் சொல்லியிருப்பனில்ல? நீ மறச்ச. நானும் மறச்சேன். என்ன மட்டும் ஏன் கத்தற?"

அவன் சொன்னது சரியாக இருந்ததே அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது. வண்டியின் பின்கதவில் சாய்ந்து நின்றாள். மூடுபனி வந்து கூந்தலில் நீராக இறங்கியது. அழுகை வரும் போலிருந்து, வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் ஒரு இலையில் சோறு எடுத்து நீட்டினான். வாங்கித் தின்றாள். புளிப்பும் உப்பும் காரமும் தெரிந்தன. அதற்குமேல் அந்தச் சோற்றில் எத்தனையோ இருந்திருக்கும்.

"மூணு மணிக்கு அந்த ஜோஜோ வராருன்னாங்களே," என்றான் அவன், கையைக் கழுவிக்கொண்டே. ஜோஜோ நாலு ரிசார்ட்டுகளுக்குச் சேர்த்துச் சரக்கு எடுக்கிறவர். நாலுக்கும் ஒரே சிவப்பு ஒயின் தேடுகிறார் என்றும், வேலந்தாவளத்துப் பன்னீர் திராட்சையைப் பற்றிக் கேட்டார் என்றும் சந்தை நடத்துகிறவர்களே போனில் சொல்லியிருந்தார்கள். "அவருக்கு ரெண்டு டேங்க்கும் வேணும். ஒண்ணு மட்டும்னா பத்தாது."

"ஆமா."

"ஒண்ணாம் நம்பரை மட்டும் ஊத்திக் காட்டுனா?"

"காட்டீட்டு?"

"ரெண்டையும் கலந்து குடுத்தா அந்த வாசம் கொறஞ்சராதா?"

"கொறையாதுங்க. ஒண்ணும் சேந்து கெட்டுப் போகும்." அவள் அவனைப் பார்த்தாள். "கொறஞ்சாலும் நான் செய்யமாட்டேன்."

"சரி, கேட்டேன். வேற ஒண்ணுமில்ல," என்றான் மோகனசுந்தரம். கேட்டதற்காக அவன் முகம் சிவந்துவிட்டிருந்தது.

ஜோஜோ மூன்றேகாலுக்கு வந்தார். ஐம்பது வயது, கட்டப்பனைக்காரர். கம்பத்துக் காய்கறி வியாபாரிகளோடு பேசிப் பேசிக் கற்ற தமிழ். கூட யாரையும் கூட்டி வரவில்லை. மேசையில் ஒன்றாம் நம்பர் பாட்டில் மட்டும் இருந்தது. அவர் அதை ருசி பார்த்தார், துப்பினார், மறுபடி கொஞ்சம் வாங்கி இந்தத் தடவை விழுங்கினார்.

"கொள்ளாம் சேச்சி. நல்லாயிருக்கு. பழம் அப்படியே நிக்குது," என்றார். "பட்சே ஒரு காரியம். காலையில ரெண்டு பேரு எங்கிட்ட வேற மாதிரி சொன்னாங்க. வேலந்தாவளம் ஒயின் போயாச்சுன்னு சொன்னாங்க. இதுல அப்படி ஒண்ணும் இல்லியே?"

ஹாலுக்குள் யாரும் அவளிடம் சொல்லாததை எல்லோரும் அவர்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். செல்வப்பிரியா குனிந்து மேசைக்கு அடியில் இருந்து இரண்டாம் நம்பர் பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அவங்க குடிச்சது இதுங்க. எங்க ரெண்டாம் டேங்க். காத்துப் பட்டுக் கெட்டுப் போச்சு. இன்னைக்கு மத்தியானந்தான் எனக்குத் தெரிஞ்சுது. இதை விக்கப் போறதில்லீங்க. ஒண்ணாம் டேங்க் மட்டுந்தான் இருக்குது."

ஜோஜோ அதையும் ஊற்றச் சொல்லி முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். "இன்னைக்குத்தான் தெரிஞ்சதா? இந்த மணம் ஒரு மாசத்துக்கு முன்னாலயே வந்திருக்குமே. ஒயின் போடுற ஆளு அறியாம இருக்குமா?"

"எனக்கு மூக்கு வேலை செய்யறதில்லீங்க. நாலு மாசமாச்சு."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். பக்கத்து மேசையில் அன்னாசிக்காரர் யாருக்கோ ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார்.

"சேச்சி, நேரா பேசலாம்," என்றார் ஜோஜோ. "நாலு ரிசார்ட்டுக்கு ஒரு டேங்க் பத்தாது. அது நான் வேற எடத்துல பாக்கணும். இந்த ஒண்ணாம் டேங்க் நல்லதா, ஒரு ரிசார்ட்டுக்கு எடுக்கலாம். பட்சே அடுத்த வருஷம்? மூக்கில்லாம யாரு ஒயின் போடும்? யாரு மோந்து பாக்கும்?"

"நானுங்க," என்றான் மோகனசுந்தரம்.

அவன் இவ்வளவு நேரம் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். செல்வப்பிரியாவே திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நீங்க குடிக்குமா?"

"குடிக்க மாட்டனுங்க. மோந்து பாக்கறதுக்கு எதுக்குங்க குடிக்கோணும்?"

ஜோஜோ சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பக்கத்து மேசைகளுக்குப் போய் மூன்று கிளாஸ் வாங்கி வந்து அவன் முன்னால் வைத்தார். "சொல்லுங்க. என்ன வருது?"

மோகனசுந்தரம் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டான். முதல் கிளாஸை எடுத்து, மாட்டுக்கு வைக்கிற புண்ணாக்கைப் பார்ப்பது போல முகர்ந்தான். "இது அன்னாசி. பழம் கொஞ்சம் எச்சாப் பழுத்தது. ஓரத்துல கெட்டது ஒண்ணு ரெண்டு சேந்திருக்கும்." இரண்டாவதை நெடுநேரம் வைத்திருந்தான். "இதுல பழமே தெரியிலீங்க. மழையில நனஞ்ச சாக்கை மடிச்சு வெச்சாட்டம் இருக்குது." மூன்றாவதை எடுத்து உடனே வைத்துவிட்டான். "இது மருந்துக்கடை வாசமுங்க. கெட்டுப் போச்சு."

"அது ஜாதிக்கா," என்றார் ஜோஜோ. "கெட்டதல்ல. அதோட மணமே அதுதான்."

"அப்படிங்களா? நான் ஜாதிக்காய மோந்ததில்லீங்க."

ஜோஜோ இரண்டாவது கிளாஸைத் தானே எடுத்து முகர்ந்தார். எந்த மேசையிலிருந்து வாங்கினார் என்று சொல்லவில்லை. ஆனால் சத்தமில்லாமல் வாளியில் ஊற்றினார். "மோசமில்ல," என்றார். "ஒரு ரிசார்ட்டுக்கு எடுக்கலாம். ஒரு வருஷம் பாக்கலாம். அடுத்த தடவை ஒவ்வொரு டேங்கும் பாட்டில்ல அடைக்கறதுக்கு முன்னால எனக்கு ஒரு சாம்பிள் வரணும். சம்மதமா?"

"சம்மதமுங்க," என்றாள் செல்வப்பிரியா. நாலு ரிசார்ட் போய் ஒன்று நின்றது. அதைச் சந்தோஷம் என்றும் சொல்ல முடியவில்லை, நஷ்டம் என்றும் சொல்ல முடியவில்லை. அவர் கார்டை வாங்கிப் பையில் வைத்தாள்.

மாலையில் கிளம்புவதற்கு முன் கற்பகத்தைத் தேடிப் பின்கட்டுக்குப் போனாள். அவள் ஆவி பறக்கும் தண்ணீரில் கிளாஸ்களை முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றாம் நம்பர் பாட்டில் ஒன்றை நீட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாங்கினாள். "ஐயையோ, சூப்பர்வைசர் பாத்தா வேலை போயிரும். ஒங்க ஊருத் திராட்சைப் பழம் இருந்தா அடுத்த தடவ ஒரு கிலோ கொண்டாங்க. பாட்டில் வேண்டாம்."

"கண்டிப்பாக் கொண்டாறேன்."

"மூக்கு வந்துருங்க்கா. பயப்படாதிய. மொதல்ல வருதது நல்ல வாசமா இருக்காது, அந்த ஆளுக்கு எல்லாமே ரப்பர் எரியுத மாதிரி இருந்துச்சாம். அதுக்காக மெரண்டுறாதிய."

இரண்டாம் டேங்கைச் சும்மா கொட்டிவிட முடியாது. எழுதிக் கொடுத்து, எக்சைஸ் ஆபீசர் வந்து நின்று, அவர் முன்னால்தான் அழிக்க வேண்டும். சித்திரை இரண்டாம் வாரம் வந்தார். தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டியிருந்தது. பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து கவிழ்த்தார்கள். பாதி நாள் பிடித்தது. ஆபீசர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து ரிஜிஸ்டரில் எழுதினார். அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது போல. மோர் கொடுத்தபோது, "கஷ்டமாயிப் போச்சு," என்றார்.

வாசம் தோட்டத்தில் மூன்று நாள் நின்றது என்று எல்லோரும் சொன்னார்கள். கருப்பாத்தாள் ஜன்னலைத் திறக்கவே விடவில்லை. பாலக்காட்டு டாக்டர் செல்வப்பிரியாவின் மூக்கில் விளக்கடித்துப் பார்த்து, வரலாம், வராமலும் போகலாம் என்றார். நாலு வாசனை எண்ணெய்ப் புட்டிகள் எழுதிக் கொடுத்து, காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார். பழகினாள். தென்னங்கன்றுக்காரனிடம் மோகனசுந்தரம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

டேங்க்கைச் சோடாக் கரைசலிலும் சுடுதண்ணீரிலும் நாலு முறை கழுவி, புது வாஷர் போட்டு, வைகாசியில் அதில் சப்போட்டா போட்டார்கள். காலையில் மாடு கறந்ததும் மோகனசுந்தரம் நேராக அங்கேதான் வருவான். மூடியைத் தூக்கி முகர்ந்து, வாயில் வருகிற பெயரைச் சொல்வான். வெல்லப்பாகு. புதுக் கயிறு. ஆப்பச்சட்டி. செல்வப்பிரியா நோட்டில் தேதி போட்டு அப்படியே எழுதிக்கொள்வாள். பயிற்சியில் கொடுத்த பெயர்கள் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது எதற்குச் சமம் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தாள். பல இடங்களில் கேள்விக்குறிதான் இருந்தது. சில நாள் இருவரும் சண்டை போட்டார்கள். "கொஞ்சம் புளிச்சாட்டம்னா எப்படிப் புளிச்சாட்டம்? தயிரா, காடியா?" என்று அவள் துருவுவாள். "அடப் போ, நீயே வந்து மோந்துக்க," என்று அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொள்வான். அவள் சிரித்துவிடுவாள்.

பதினோராம் நாள் காலை. நுரை அடங்கிக்கொண்டிருந்தது. ஒயின் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிகிற நாள் அது. மோகனசுந்தரம் மூடியைத் தூக்கிக் குனிந்தான். செல்வப்பிரியா நோட்டோடு அவன் தோளருகே நின்றாள். அவன் முகர்ந்தான். நெற்றியைச் சுருக்கினான். மறுபடி முகர்ந்தான்.

"என்னங்க? எதாச்சும் மாறியிருக்குதா?"

"இரு."

இன்னொரு முறை குனிந்து, நிமிர்ந்து, மூடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"கொஞ்சம் அக்கட்டால நில்லு புள்ள. உன்ற தலைப்பூ வாசத்துல இங்க ஒண்ணுமே புடிபட மாட்டேங்குது."

அவள் கூந்தலைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் மாமியார் கட்டிக் கொடுத்த முல்லைச் சரம். வழக்கமாக வைப்பது போல வைத்துக்கொண்டு, மறந்தும் போயிருந்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே போய், அவன் குரல் கேட்கிற தூரத்தில் வெயிலில் நின்றாள்.

உள்ளே அவன் மறுபடி குனிவது தெரிந்தது.

"ஆங், இப்பச் சொல்றேன்," என்றான். "எழுதிக்க."